பட்டுச்சேலையில் பைக் பார்க்கப் போனேன்

பைக் வாங்கப் போகிறவள் பட்டுச்சேலை ஏன் கட்டினேன்? இன்னும் விளங்கவில்லை. நல்ல காரியம் என்று அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு கணவரோடும் மகளோடும் அப்படியே மாத்தளையிலுள்ள பைக் கடைக்குப் போய்விட்டேன்.

மகளைப் பாடசாலைக்கு நானே கூட்டிப்போக ஆசை. ஆனால் சேலையோடு பைக்கில் காலைத் தூக்கிப்போட முடியாமல் நின்றேன்.

"ஒனக்குப் பின்சீட்டுதான் சரி" என்று கணவர் சிரித்தார்.

சர்வீசுக்கு வந்திருந்த ஒரு அக்கா, தன் பைக்கில் வைத்திருந்த மழைக் காற்சட்டையை நீட்டினார். "இதப் போட்டுக்கிட்டு ஏறுங்க, தங்கச்சி."

நூற்றைம்பது சிசி பைக்கில் நுனிக்கால்தான் எட்டியது. பயந்துகொண்டே இருநூற்றைம்பதில் ஏறினேன். அதன் இருக்கை தாழ்வு. இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. இறங்க மனமே வரவில்லை. மகள் ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

"அப்ப நான்?" என்றார் கணவர்.

"நீங்க பஸ்ஸுல வாங்க" என்றார் அக்கா.

ஆனால் இறங்கி அந்த இருநூற்றைம்பதைத் தள்ளிப் பார்த்தபோது மூச்சு வாங்கியது. பிள்ளையோடு பைக் ஓட்டும் அம்மாமாரே, புதிதாகப் பழகுபவளுக்குக் கால் எட்டுவது முக்கியமா, கனம் குறைவது முக்கியமா? சொல்லுங்கள்.