கிராஞ்சி வகுப்பின் பன்னிரண்டாவது குரல்

சிங்கப்பூரில் எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. இது, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போக நினைப்பவர்களுக்கான பதிவு. நான் திருச்சியில் பதினாறு வருடமாக ஆங்கில ஆசிரியை. போன மே மாத விடுமுறைக்கு தஞ்சோங் பகாரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான்கு வாரம் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது. அண்ணனின் நண்பர்கள் நடத்தும் இலவச வகுப்புகளில் இரண்டை ஏற்றுக்கொண்டேன்.

முதல் வகுப்பு லிட்டில் இந்தியாவில், காலை பத்து மணிக்கு. தஞ்சோங் பகாரில் ரயில் ஏறி, அவுட்ராம் பார்க்கில் மாறினால் இருபது நிமிடத்தில் போய்விடலாம். இருபது மாணவர்கள், அத்தனை பேரும் தமிழர்கள். ஜோடியாக ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் இரண்டு நிமிடம் பேசுவார்கள். மூன்றாவது நிமிடம் ஊர்க்கதை தமிழில் ஓடும். எந்த இலக்கணத்தையும் தமிழில் ஒரே வரியில் விளக்கிவிடலாம் என்பது வசதி. அந்த அறைக்குள் யாருக்கும் ஆங்கிலம் தேவைப்படாது என்பதுதான் சிக்கல். சத்தமும் சிரிப்புமான வகுப்பு அது.

இரண்டாவது வகுப்பு கிராஞ்சியில் ஒரு தொழிலாளர் விடுதியில், பிற்பகல் மூன்று மணிக்கு. பக்கத்திலுள்ள தேக்கா சந்தையில் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கே கிளம்புங்கள். தோபி காட் நிலையத்தில் சிவப்பு ரயில் தடத்துக்கு மாறி, பதினேழு நிறுத்தங்கள். பிறகு பேருந்து. முதல் நாள் பேருந்தில் நான் ஒருத்திதான். ஓட்டுநர் தமிழர்.

"டார்மிட்டரிக்கா போறீங்க? சண்டேல பஸ் ரொம்ப ஸ்லோ லா. திரும்பி வர்றப்ப அரை மணி நேரம் நிக்கணும். குடை இருக்கா?" என்றார்.

இருந்தது. இறங்கி எட்டு நிமிடம் நடந்தேன். இருபுறமும் செடி வளர்க்கும் பண்ணைகள், ஓர் ஆள் கண்ணில் படவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் இப்படி ஓர் ஊமை இடமா என்று இருந்தது.

வகுப்பும் அப்படித்தான். தமிழர்கள் மூவர், மற்றவர்கள் வங்காளிகள், மியன்மார்க்காரர்கள், ஒரு சீனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாததால் ஆங்கிலச் சொல் நாக்கில் வரும் வரை காத்திருந்தார்கள். அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லை. வருகைப் பதிவேட்டில் பன்னிரண்டு பெயர்கள். குனிந்தபடியே வாசித்தேன். பன்னிரண்டு "பிரசன்ட்" கேட்டது. தாள் கொடுக்கத் தலைகளை எண்ணினால் பதினொரு பேர்தான். மறுபடி எண்ணினேன். பதினொன்று. பயணக் களைப்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு தலையை நிமிர்த்தி வாசித்தேன். ஏழாவது பெயர் ரஃபிக். பின்வரிசையிலிருந்து "பிரசன்ட் டீச்சர்" என்று ஒரு வங்காளக் குரல் வந்தது. அங்கே இருந்தது காலி நாற்காலி. மேசையில் ஒரு நோட்டு விரிந்திருந்தது. மற்றவர்கள் யாரும் திரும்பவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் நோட்டைப் பார்த்தேன். போன வாரம் நான் நடத்திய பாடம் முழுதும் அதில் எழுதியிருந்தது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள்தான் நான். அன்று சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் போய்விட, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தவர் மட்டும் நின்றார். பெயர் செல்வம், புதுக்கோட்டைப் பக்கம், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"நான்தான் டீச்சர் சொன்னேன். நோட்டும் அவனுக்காக நான்தான் எழுதுறேன். அவன் மாதிரியே சொல்ல வந்துருச்சு."

"ரஃபிக் எங்கே?"

"போன வருசம் சைட்ல, மேல தொங்குன கம்பிக்கட்டு சரிஞ்சுச்சு. அவன் கீழ நிக்கிறான். ஒதுங்குன்னு கத்துனேன். அவனுக்குத் தமிழ் தெரியாதுல்ல. ஏதோ கூப்பிடுறேன்னு நெனச்சு, என்னைப் பார்த்துச் சிரிச்சான். நகரலை."

லிட்டில் இந்தியா வகுப்புக்கு வரச் சொன்னேன், தமிழிலேயே விளக்கலாம் என்று.

"அங்க நான் எப்படிக் கத்துனாலும் ஒதுங்கிருவாங்க டீச்சர். எனக்கு இவங்களோட இருக்கணும். பயப்படுறப்ப இங்கிலீஷ் முதல்ல வரணும். அது வந்தா போதும், வேற எதுவும் வேணாம். அதுவரைக்கும் ரஃபிக் பேரை அடிச்சுறாதீங்க."

அடிக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு அவருக்காகவே பாடம் எடுத்தேன். பாடத்தின் நடுவே திடீரென்று தடிப் புத்தகத்தைத் தரையில் போடுவேன். செல்வம் "மூவ் பேக்" என்று கத்த வேண்டும். முதல் ஐந்து முறையும் தமிழ்தான் வந்தது. முடியும்போது ஆங்கிலம் தவறாமல் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனிடம் அன்று முழுக்க அதைத்தான் பேசினேன்.

நான்காவது ஞாயிறு, என் கடைசி வகுப்பு. மழை கொட்டி, நாலரை மணிக்கே முற்றம் மங்கிவிட்டது. மாணவர்கள் வெளியே வந்து நின்றார்கள். சாப்பாடு இறக்க வந்த லாரி ஒன்று பின்பக்கமாக வந்தது. அதன் பின்னால் குனிந்து, மியன்மார்க்காரர் ஜோ மழையில் விழுந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பார்க்கவில்லை. மழைச் சத்தத்தில் லாரிச் சத்தம் ஜோவுக்குக் கேட்கவில்லை.

என் வாய் திறக்கவே இல்லை. செல்வம் கத்தினார். தமிழில். "ஒதுங்கு."

அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. ஜோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பக்கவாட்டில் பாய்ந்தார். அவர் மட்டுமல்ல, சீனர், வங்காளிகள், சுவரோரம் நின்றவர்கள் என அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். லாரி, தாள்களின் மேல் ஏறி நின்றது.

செல்வம் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "திரும்பவும் தமிழ்ல கத்திட்டேன் டீச்சர்" என்று அழுதார். ஜோ அவர் அருகில் குந்தினார். ஜோ உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: ரஃபிக் இறந்த அன்றே, நீ என்ன கத்தினாய் என்று மற்றத் தமிழர்களிடம் கேட்டோம். நாங்கள் அதைக் கற்றுக்கொண்டோம். எங்கள் மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

செல்வத்துக்கு அது இத்தனை நாளும் தெரியாது. அவர் வலி தெரிந்து யாரும் அவர் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

இனி போகிறவர்களுக்கு. விடுதிக்குள் போக அனுமதி, வாரங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வகுப்பில் எல்லாரும் தமிழர்களானால் தமிழுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, மீதி நேரம் கண்டிப்பாக இருங்கள். கலப்பு வகுப்பானால் அமைதிக்குப் பயப்படாதீர்கள், அவர்கள் யோசிக்கிறார்கள். பதினாறு வருடம் பாடம் எடுத்த நான் ஒரு மனிதனின் வாயை மட்டும் பழக்கினேன். மற்றவர்களின் காதைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் முதல் நாள், எழுத்தும் இலக்கணமும் தொடங்குமுன், ஒவ்வொருவரும் பயத்தில் எப்படிக் கத்துவார்கள் என்று கேளுங்கள். அதை எல்லாருக்கும் கற்றுக்கொடுங்கள். ஆங்கிலம் அடுத்த வாரம் தொடங்கட்டும்.