மூக்கில் போட்ட பூட்டு

தாராவியில் தோல் பை செய்யும் பட்டறையில் எனக்குப் பசை ஒட்டும் வேலை. மூக்கின் நடு எலும்பு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகியும் நான் போகவில்லை. மூக்கு அடைத்திருந்ததால் பசை நாற்றம் எனக்குத் தெரியாது. அதை ஒரு வசதி என்றே நினைத்திருந்தேன்.

"ஒமக்கென்ன வே, மூக்குல பூட்டு போட்டுட்டீரு. எங்களுக்குல்லா கொடலப் பொரட்டுது" என்பார் பக்கத்தில் வேலை செய்யும் செல்வராஜ்.

ஒரு மழை நாளில் ஜன்னலைச் சாத்தியிருந்தோம். கரண்ட் போய் ஃபேன் நின்றது. நெடி தாங்காமல் எல்லோரும் வெளியே போனார்கள். கையிலிருந்த பையை முடித்துவிட்டு வரலாம் என்று நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நினைவு வந்தபோது வாசல் சேற்றில் கிடந்தேன். செல்வராஜ்தான் இழுத்துப் போட்டிருக்கிறார்.

மூக்கு அடைத்தாலும் வாய் வழியாக அத்தனை நெடியும் உள்ளேதான் போகிறது என்று டாக்டர் திட்டினார்.

"இன்னும் என்னத்த யோசிக்கிய? தேதியக் கேளுங்க" என்றாள் என் மனைவி. கேட்டேன்.

ஆபரேஷன் முடிந்து அதே வேலைக்குத்தான் போகிறேன். வேறு வேலை தெரியாது. இப்போது நாற்றம் குத்துகிறது, தலை வலிக்கிறது. ஃபேன் நின்றால், செல்வராஜ் எழுவதற்கு முன்பே நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.