க்ளாராவின் எட்டு வாரமும் எங்கள் ஆடி மாதமும்

வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் ஏற்பாடு செய்து தரும் வேலை என்றால், பாதி நாள் ஏர்போர்ட் வாசலில் பெயர் அட்டையோடு நிற்பது, மீதி நாள் "இங்கே அப்படித்தான்" என்று விளக்கம் சொல்வது. இதே பிழைப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு இதெல்லாம் பழகிய வலிதான். ஆனாலும் க்ளாரா வந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் இருப்புக்கொள்ளாது.

க்ளாரா டென்மார்க்கில் சமூகத் தொழில்முனைவு படிப்பவள். திருச்சி மன்னார்புரத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீஸ், முக்கொம்பு போகும் வழியில் மும்தாஜ் அக்கா நடத்தும் மகளிர் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டது. வாழைமட்டையைக் காயவைத்து, மெஷினில் அழுத்தி, சாப்பாட்டுத் தட்டு செய்யும் குழு. அவளுடைய கல்லூரி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: எட்டு வாரத்துக்குள், முன்பின் தெரியாத ஒருவர் தட்டை வாங்கிப் பயன்படுத்திவிட்டு, தானாகவே இரண்டாம் தடவை தேடி வந்து கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பருவம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டியதுதான்.

இருபது கேள்வி

வாடிக்கையாளரின் தேவையை முதலில் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். இருபது கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்து, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீடு வீடாக ஏறினாள். மொழிபெயர்க்க நான். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் அவர்கள்தான் கேள்வி கேட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அப்பாவுக்கு என்ன உத்தியோகம், கல்யாணம் எப்போது? சாயங்காலம் பார்த்தால் படிவத்தில் தட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசி வீட்டு மாமியிடம், ஒரே ஒரு கேள்விக்காவது பதில் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். மாமி க்ளாராவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கேள்வி கிடக்கட்டும். இந்தக் கொழந்தை ஏன் தலைக்கு எண்ணெயே வெச்சுக்கல?"

சாத்தமுது பரீட்சை

அடுத்து, ஸ்ரீரங்கத்தில் மெஸ் நடத்தும் வரதன் மாமாவிடம் போனோம். அவர் பேச்சை வளர்க்காமல், தட்டில் கொதிக்கக் கொதிக்க சாத்தமுதை ஊற்றினார். ரசத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சாப்பிட வந்தவர்கள் உட்பட எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். க்ளாரா கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மேஜை நனைந்தது, அப்புறம் மாமாவின் வேட்டி.

"ஏழு நிமிஷம் தாங்கியது!" என்று அவள் குதித்தாள். மாமா வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார்: "ஏழு நிமிஷத்துல சாப்ட்டு எழுந்துக்கறவா யாரும் என் மெஸ்ஸுக்கு வரமாட்டாம்மா."

திறப்பு விழா

ஐந்தாம் வாரம் பெரிய திறப்பு விழா, கல்யாண மண்டபக்காரர்களையும் சமையல் காண்டிராக்டர்களையும் கூப்பிட்டு ஆர்டர் பிடிப்பது என்பது அவள் திட்டம். டென்மார்க்கிலேயே தேதி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அந்தத் திட்டத்தில் நானும் ஜோராகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அழைப்பிதழ் அடிக்கப் பிரஸ்ஸுக்குப் போனோம்.

பிரஸ்காரர் தேதியைப் படித்தார். எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டினார். ஆடி ஒன்றாம் தேதி! கல்யாணமே நடக்காத மாதத்தின் முதல் நாள், யாரும் புதுக் காரியம் தொடங்காத நாள், கல்யாண ஆர்டருக்குத் திறப்பு விழா. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவர் க்ளாராவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்: "அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, சரி. நீங்க இந்த ஊருதானே மேடம்?"

அக்காவின் கணக்கு

விழாவை ஆவணிக்குத் தள்ளலாம் என்றால், ஆடி முடிவதற்குள் அவள் விமானம் கிளம்பிவிடும். மட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்து க்ளாரா அழுதாள். தப்பு என்னுடையது என்பதால் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மும்தாஜ் அக்கா மட்டும் மெஷினை நிறுத்தவே இல்லை.

"ஆடியில கல்யாணம்தானே இல்ல? சோறுமா இல்ல? பதினெட்டாம் பெருக்குக்கு அம்மா மண்டபத்துல ஊரே உக்காந்து சாப்பிடும். அதுலயும் கலந்த சாதம்தான், ரசமே கிடையாது!"

சாதம் எப்போது வரும்?

ஆடிப்பெருக்கு அன்று விடியற்காலையிலேயே போய், அம்மா மண்டபம் படித்துறை அருகே மேஜை போட்டோம். காவிரி கரை தொட்டு ஓடியது. புது மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியுமாகப் பெண்கள் கூட்டம். எங்கள் மூன்று பேருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. அக்கா அடுக்கடுக்காகத் தட்டுகளை வைக்க, க்ளாரா தனக்குத் தெரிந்த தமிழில், "வாங்க! சாப்பிடுங்க!" என்று உற்சாகமாகக் கூவினாள். ஐந்தே நிமிஷத்தில் நீளமான வரிசை நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. முதலில் நின்ற பெரியவர் தட்டை ஏந்திக்கொண்டு, "சாதம் எப்பம்மா வரும்?" என்று கேட்டபோதுதான் புரிந்தது. அன்னதானம் என்று நினைத்து நிற்கிறார்கள்!

வரிசை கலைய ஆரம்பித்தது. அதில் உறையூர்க்கார அம்மா ஒருவர் மட்டும் நகரவில்லை. வாளி நிறைய எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தார், தட்டை மறந்துவிட்டார். எங்களிடம் வாங்கி, பக்கத்திலேயே உட்கார்ந்து குடும்பத்துக்குப் பரிமாறினார். அதைப் பார்த்து அடுத்த குடும்பம், அப்புறம் அடுத்தது. உச்சிவெயிலுக்கு முன் மேஜை காலி. நானும் அக்காவும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது க்ளாரா மெதுவாகச் சொன்னாள்: "தட்டு எல்லாம் போச்சு. ஆனா யாரும் ரெண்டாவது தடவை வரலையே, அக்கா."

கடைசி நாள்

பெட்டியைக் காரில் ஏற்றியாகிவிட்டது. குழுவினரிடம் சொல்லிக்கொள்ள வந்தவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. எலுமிச்சை சாதத்து அம்மா! தட்டின் பின்னால் க்ளாரா ஒட்டிய விலாசச் சீட்டு கையில் இருந்தது. "ஆவணி மொத முகூர்த்தத்துல எம் பொண்ணுக்குக் கல்யாணங்க. காலை டிபனுக்கு இந்தத் தட்டுதான் வேணும்" என்றார்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் க்ளாரா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அக்கா முதல் முறையாக மெஷினை நிறுத்தினார். நான் வாய்விட்டுக் கத்தினேன். அந்த அம்மா திகைத்துப்போய், அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி கேட்டார்: "ஒரு தட்டுக்கா இவ்வளவு சந்தோஷம்? அப்ப இருந்து கல்யாணத்துல சாப்பிட்டுட்டே போயேம்மா!"

தொழில் கற்றுக்கொள்ளத் திருச்சிக்கு வந்த டென்மார்க் பெண் பாஸாகி ஊருக்குப் போய்விட்டாள். திருச்சியிலேயே பிறந்து வளர்ந்த நான் இப்போது காலண்டரைப் புரட்டிப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.