உட்காரவைத்து அளந்த மாஸ்க்

வாங்கிப்போனவர் நிம்மதியாகத் தூங்கினால்தான் விற்றவனுக்குத் தூக்கம் வரும்; அப்படி ஒரு தொழில் எங்களுடையது.

கடலூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் இருந்தாலும் பாதி வியாபாரம் சிபேப் மெஷின்தான். சிலருக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்று நின்று வரும். அவர்களுக்கு முகத்தில் ஒரு மாஸ்க், மாஸ்க்கிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் விடாமல் காற்று ஊதும் ஒரு பெட்டி. பெட்டியைத் தேர்ந்தெடுப்பது கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது மாதிரி, ஒரு மாலையில் முடிந்துவிடும். மாஸ்க் முகத்தில் பொருந்துவது குடித்தனம் மாதிரி. குறட்டைக்காரர்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, 'மூச்சு வருதா' என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். நமக்கெல்லாம் ஒரே பயம்தான்.

என் பயம் கொஞ்சம் பெரியது. என் அக்கா வீட்டுக்காரர் ராஜவேலு மாமா கடலூர்–சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறார். அவருக்கும் மூச்சு நிற்கிற வியாதி. பகலில் கண் சொக்கும். அவர் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

பெஞ்ச்

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மாஸ்க்கை உட்காரவைத்து அளக்கக் கூடாது. படுத்தால் கன்னம் சரியும், தாடை பின்னால் போகும், முகமே வேறு முகமாகிவிடும். அதனால் கடையில் ஒரு நீளமான பெஞ்ச் போட்டு, தலைமாட்டில் தலையணையும் வைத்திருக்கிறேன். படுக்கவைத்து, மாஸ்க்கை மாட்டி, காற்றைத் திறந்துவிட்டு, ஓரத்தில் எங்கே கசிகிறது என்று விரலை வைத்துப் பார்ப்பேன்.

சிதம்பரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். கையில் ஒரு நோட்டு. ஒரே அளவில் காற்று தரும் மெஷினா, மூச்சுக்குத் தகுந்தாற்போல் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோ மெஷினா என்று இரண்டு பத்தி பிரித்து எழுதி வைத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் என்னைப் பரீட்சை எழுதவைத்துவிட்டு ஆட்டோவைத் தேர்ந்தெடுத்தார். "சார், கொஞ்சம் படுங்க" என்றேன். தெருவைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷமா பசங்கள பெஞ்சு மேல ஏறி நில்லுன்னு சொன்னவன் நானு. என்னைய பெஞ்சுல படுன்னு சொன்ன மொத ஆளு நீதான்யா."

அத்தர்

பரங்கிப்பேட்டை பாய் ஒருவருக்கு வெளிநாட்டில் இருக்கும் மகன் மெஷின் அனுப்பியிருந்தார். மாஸ்க்கும் கூடவே வந்திருந்தது, அளவு மகனின் உத்தேசம். அது பாயின் மூக்கை விட்டுவிட்டு நெற்றியைப் பிடித்தது. அதை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் போன்: மூக்கெல்லாம் எரிகிறது, தலை கிறுகிறுவென்று சுற்றுகிறது, உடனே வரணும். காற்றைத் தப்பாக வைத்துவிட்டேனா என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே விஷயம் மூக்குக்குப் புரிந்துவிட்டது. காற்று வறண்டுபோகாமல் இருக்க மெஷினில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் சுத்தமான தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். பாய் தண்ணீரும் ஊற்றி, மேலே அரை சீசா அத்தரும் விட்டிருந்தார். தொட்டியைக் கழுவிக் கழுவி என் கையும் மணத்தது. பாய் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "ராத்திரி பூரா உள்ள போற காத்தாச்சே தம்பி, சும்மா வெறுங்காத்தா போனா நல்லாவா இருக்கும்?"

மாமாவுக்கு மட்டும் நாற்காலி

புதுச்சத்திரம் தாண்டி ஒருநாள் மாமாவின் பஸ் மெல்ல இடதுபக்கமாக இறங்கியது. கண்டக்டர் விட்ட விசிலில் மாமா விழித்து, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். 'மாடு குறுக்க வந்துச்சு' என்று பயணிகளிடம் சொல்லிவிட்டார். மாடு வரவில்லை என்பதைக் கண்டக்டர் எனக்குச் சொன்னார். நான் மாமாவை விடவில்லை. டாக்டரிடம் இழுத்துப்போய் டெஸ்ட் எடுத்தோம். மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது என்று வந்தது. சரியாகும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். மாமா ஒரு வாரம் லீவு போட்டார், அப்புறம் 'முதலாளிக்குத் தெரிஞ்சா வண்டியே போயிடும்' என்று சாவியை எடுத்துக்கொண்டார். எனக்குச் சிதம்பரத்தில் வேலை இருக்கும் நாளெல்லாம் அவர் பஸ்ஸிலேயே ஏறி, இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஊர் கதையெல்லாம் பேசிக்கொண்டே போவேன்.

மாஸ்க் அளக்கக் கடைக்கு வந்தார். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காக்கிச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக நிற்கும் அக்கா புருஷனை எல்லார் முன்னாலும் 'படுங்க மாமா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவைத்தே அளந்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு மாமா சொன்னார்: "எதை வேணா மாட்டு மச்சான், மீசையில மட்டும் கை வெச்சிடாத."

பச்சை எழுத்து

எங்கள் மெஷினில் ஒரு சிம் உண்டு. யார் எத்தனை மணி நேரம் போட்டுக்கொண்டார்கள், எத்தனை தடவை மூச்சு நின்றது, காற்று எவ்வளவு கூடியது என்பதெல்லாம் காலையில் என் போனுக்கு வந்துவிடும். நன்றாகப் போட்டிருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பல் விளக்கும் முன் நான் பார்ப்பது மாமாவின் வரியைத்தான். முதல் வாரம் முழுக்கச் சிவப்பு. பத்து நிமிஷம், ஏழு நிமிஷம், பூஜ்யம். நேரே வீட்டுக்குப் போய், அக்கா முன்னாலேயே சொன்னேன்: இன்னும் ஒரு வாரம் இப்படி இருந்தால் முதலாளியிடம் நானே சொல்லிவிடுவேன்.

மறுநாளே பச்சை. ஆறரை மணி, ஏழு மணி, மூச்சு நின்றது ஒன்றோ இரண்டோ. நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் போனைக் காட்டினேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ஆட்டோ மெஷின், நாற்பது தடவை மூச்சு நிற்கும் ஆளுக்கு ஒருநாள்கூடக் காற்றைக் கூட்டவே இல்லை. நல்லதுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தொழில் தெரிந்தவன் அப்படிச் சமாதானமாகியிருக்கக் கூடாது. பத்தாம் நாள் பஸ்ஸில் மாமா ஆலப்பாக்கம் வருவதற்குள் நாலு கொட்டாவி விட்டார். கண்டக்டர் என் காதோரம் குனிந்து சொன்னார்: "உங்க மெஷின் நல்லா வேலை செய்யுது போல, எனக்குத்தான் விசில் அடிச்சி அடிச்சி வாய் வலிக்குது."

அக்காவின் கன்னம்

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே அக்கா வீட்டில் நின்றேன். மாமா குளித்துக்கொண்டிருந்தார். அக்கா காபி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் பட்டை அழுந்திய கோடு, மூக்குத்தண்டில் சிவப்பாக ஒரு தடம். கடைக்கு வருகிறவர்கள் முகத்தில் வருஷக்கணக்காகப் பார்க்கிற தடம். இருட்டில் தடவிப் பார்த்தாலும் எந்தக் கம்பெனி மாஸ்க் என்று சொல்லிவிடுவேன். மாமா துண்டோடு வெளியே வந்தார். அவர் முகம் வழுவழுவென்று இருந்தது.

காபியைக் கீழே வைத்தேன். பத்து நாளாகப் பச்சை என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்தப் பத்து நாளும் பஸ் ஓடியிருக்கிறது. "ஏங்கா இப்படிப் பண்ண?" என்றேன். மாமாதான் தலையைக் குனிந்தபடி காரணம் சொன்னார். காற்று கண்ணில் அடிக்கிறது, புரண்டால் புஸ்ஸென்று கசிகிறது, அதனால் கழற்றிவிடுகிறாராம். அக்கா முந்தானையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ மொதலாளிகிட்ட சொல்லிடுவேன்னு மெரட்டிட்டுப் போயிட்ட. அவரு போட்டுக்க மாட்டன்றாரு. யாராவது ஒருத்தர் போட்டுக்கினாதான அவரு வேலை நெலைக்கும்?"

மறுபடியும் பெஞ்ச்

தப்பு என்னுடையது. கண்ணில் காற்று அடிப்பது படுத்தால் வருகிற கசிவு. நான் மரியாதை பார்த்து நாற்காலி போட்டதால் வந்த கசிவு. அதை அவர்கள் இருவரிடமும் ஒளிக்காமல் சொன்னேன். சாவியைத் தரச் சொல்லிக் கையை நீட்டினேன். மாமா சாவியைத் தராமல் போனை எடுத்து, முதலாளிக்கு அவரே பேசினார். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும் வரை டிரைவர் சீட் கிடையாது, டைம் கீப்பராக நில்லு என்றார் முதலாளி.

அன்றைக்கே கடைக்கு அழைத்துவந்தேன். கூட்டம் இருந்தது. "படுங்க மாமா" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. படுத்தார். கன்னம் இரண்டும் காதுப் பக்கம் சரிந்தன. பழைய மாஸ்க் மூக்கோரத்தில் வாயைப் பிளந்தது. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் எடுத்தேன். மீசைக்கு மேலேயே நின்றுகொண்டது. காற்றைத் திறந்துவிட்டு ஓரமெல்லாம் விரல் வைத்துப் பார்த்தேன், கசிவு இல்லை. 'எப்படி இருக்கு மாமா' என்று கேட்டேன். பதில் இல்லை. குறட்டையும் இல்லை. பயந்துபோய்க் குனிந்து பார்த்தேன். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. நட்டநடுப் பகலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, மூன்று மணி நேரம் அப்படியே கிடந்தார். அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழித்தவர் மாஸ்க்கைக் கழற்றாமலேயே பதறிப்போய்க் கேட்டார்: "மச்சான், வண்டிய யாரு ஓட்டுறா?"

இப்போதெல்லாம் கடைக்கு மாவட்ட கலெக்டரே வந்தாலும் முதலில் படுக்கச் சொல்லிவிட்டு அப்புறம்தான் வணக்கம் சொல்கிறேன்.