ஒன்றேகால் அங்குலம்

வில்ஃப் ஆல்டர்சன் துப்பாக்கியிலிருந்து குழல்களைக் கழற்றி, அடியிலிருந்த கொக்கியில் சுண்டுவிரலை மாட்டித் தொங்கவிட்டு, மற்றக் கையின் விரல்கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் அடங்கும்வரை கடையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மீறி இருமிய பால்பண்ணைக்காரர் ஒருவரை வெளியே போய் இருமிவிட்டு வரச் சொன்ன மனிதர் இவர். கணீரென்றால் இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பற்றவைப்பு உறுதி என்று அர்த்தம். டொக்கென்றால், “இது மண்டையப் போட்ருச்சு” என்று மேசைமேல் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு விற்க வந்தவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை.

யார்க்‌ஷர் மலையடிவாரத்துச் சந்தையூரில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடிதான் அவருடைய இடம். கீழே ஆட்டு முதுகில் பூசும் சாயம், நாய்த்தீனி, மண்ணெண்ணெய். மேலே வில்ஃபும் எழுபது பழைய துப்பாக்கிகளும். எல்லாம் அருகருகே இரண்டு குழல் வைத்த தினுசு. ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல் அடுக்கிய புதுத் தினுசு வேண்டுமென்று கேட்டால், லீட்ஸில் கிடைக்கும் என்று சொல்லி பஸ் நேரத்தையும் சொல்லுவார்.

முதல் துப்பாக்கி வாங்க வருகிறவர்களிடம் அவருக்கு ஒரு தனிக் கண்டிப்பு உண்டு. விசைக்கு மேலே உள்ள இரும்பை ஈரம் துடைக்கும் துணியால் சுற்றித்தான் கையில் கொடுப்பார். அதில் செதுக்கியிருக்கும் பூவையும் பறக்கும் வாத்தையும் பார்த்துவிட்டால் மனுஷன் மயங்கிவிடுவான், அப்புறம் துப்பாக்கி தோளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க மாட்டான் என்பது அவர் கணிப்பு. “வாத்தப் பாத்து வாங்காதப்பா. மொதல் துப்பாக்கிக்கு நானூறு பவுனுக்கு மேல போகாத. சுட்ட தோட்டாக் கூடு தானா எகிறி விழணும்னு ஆசப்படாத, வெரல் எதுக்கு இருக்கு? மிச்சக் காசுல சுடக் கத்துக்க.” இந்த நாலு வாக்கியங்களை முப்பது வருஷமாக ஒரு சொல் மாற்றாமல் சொல்லிவருகிறார். பவுன் தொகை மட்டும் ஏறியிருக்கிறது.

பதினோரு மணிக்குப் பழக்கேக் ஒரு துண்டு, அதன்மேல் சீஸ் ஒரு துண்டு. அந்தக் கால்மணி நேரம் வியாபாரம் கிடையாது. ஒருமுறை லண்டனிலிருந்து காரில் வந்தவர் கடையிலேயே விலை உயர்ந்ததைக் கேட்டுவிட்டுக் காத்து நின்றார். வில்ஃப் கேக்கை அவசரப்படுத்தவில்லை.

அவர் ஆயுளில் மன்னிக்காத ஒரே சாதி, துப்பாக்கிக் கட்டையை அறுக்கிறவர்கள். தோளில் பதிகிற அந்த வால்நட் கட்டையின் நீளம் ஒருத்தருக்குக் கூடுதல், ஒருத்தருக்குக் குறைச்சல். அதற்காக ரம்பத்தை எடுத்துவிடுவதா? அறுத்த துப்பாக்கி வந்தால் வாசல்பக்கம் குடை வைக்கும் தொட்டியில் போட்டு, உதிரி பாகத்துக்கு என்று சீட்டுக் கட்டிவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது துப்பாக்கி இல்லை.

ஜனவரி முதல் சனிக்கிழமை அந்தத் தொட்டியில்தான் நோரீன் ஐவ்சன் கையை விட்டாள்.

நோரீன் பள்ளிக்கூடச் சமையற்காரி. வயது ஐம்பத்தேழு. பூட்ஸோடு நிறுத்தி அளந்தால் ஐந்தடி வருவாள், தொப்பியைக் கணக்கில் சேர்த்தால். ஊர் வேட்டைக் குழுவுக்கு இருபத்திரண்டு குளிர்காலமாகத் தன் இரண்டு நாய்களோடு போய், ஆண்கள் சுட்டு வீழ்த்திய ஃபெசன்ட் கோழிகளைப் புதரிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவள். குழு இந்த வருஷம்தான் பெரிய மனசு பண்ணி, சீசனின் கடைசிச் சனிக்கிழமை அவளுக்கும் வரிசையில் நின்று சுட ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. அன்றைக்கு மட்டும் பழைய இரட்டைக்குழல்தான் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

புருஷன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போயேன் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருமுறை அப்படிப் போனவள்தான். கட்டை அக்குளில் மாட்டிக்கொண்டது, கன்னம் ஒரு வாரம் நீலமாக இருந்தது, பதினோரு தோட்டாவுக்கு ஒரு கோழிகூட விழவில்லை. இப்போதும் மதுக்கடையில் அந்தப் பதினொன்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். “சிரிச்சாத் தாங்கிக்குவேன் வில்ஃப். இந்தத் தடவ பாவம்னுருவாங்க. மறுவருஷம் என்னய நாயோடதான் நிக்க வப்பாங்க” என்றாள் அவள்.

அன்று இருபது துப்பாக்கிகளை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். கடைசியாகத் தொட்டியிலிருந்த அறுபட்ட துப்பாக்கியை எடுத்தாள். கட்டை ஒன்றேகால் அங்குலம் குறைவு, ஆனால் அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. தோளில் வைத்தவள் ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். விலை கேட்டாள், நூற்றிருபது. எந்தச் சாமானையும் பார்த்த அன்றைக்கே வாங்குகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாள்.

வில்ஃபுக்கு மனசு கேட்கவில்லை. ஏழை பாழைக்கு உதிரியை விற்றான் என்ற பெயர் வேண்டாம், அதிலும் நோரீனுக்கா! குழலைத் தட்டினார், கணீரென்றது. அப்புறம் என்ன? அதே நிறம், அதே ரேகை ஓடிய வால்நட் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு மர ஆணி அறைந்து, பசை வைத்து ஒட்டி, இழைத்து, ஒன்பது நாள் எண்ணெய் தேய்த்தார். சும்மா சொல்லக் கூடாது, ஒட்டு எங்கே என்று உற்றுப் பார்த்தாலும் தெரியாது. விலையில் ஒரு பென்னி ஏற்றவில்லை. வேட்டைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை நோரீன் படியேறி வந்தபோது, துணியைக்கூடச் சுற்றாமல் எடுத்து நீட்டினார்.

அவள் தோளுக்குக் கொண்டுபோனாள். கட்டை அக்குளில் மாட்டியது. திரும்பவும் முயன்றாள். திரும்பவும் மாட்டியது. சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது அது இல்லையே.”

“அதேதாம்மா. எவனோ அறுத்துக் கெடுத்து வச்சிருந்தான். ஒக்கிட்டுட்டேன்” என்றார் வில்ஃப். பெருமையை மறைக்க முடியவில்லை.

“எவன்?”

“எந்தப் படுபாவியோ.”

நோரீன் துப்பாக்கியை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அவள் முகம் சிவந்து போயிருந்தது. “கெடுக்கல வில்ஃப். என்ன மாதிரி ஒருத்தி அத வச்சிருந்திருக்கா. தோள்ல வச்சதுமே எனக்குத் தெரிஞ்சிச்சு. மூணு வாரமா ராத்திரி பகலா அது நெனப்புதான்.”

வில்ஃப் வாசல்பக்கத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக அந்தத் தொட்டியில் போட்டவை எத்தனை இருக்கும் என்று யோசித்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டாள் ஆம்பிளையைக் கற்பனை பண்ணித் திட்டியிருக்கிறாரே தவிர, ஒரு பொம்பிளை அவர் நினைப்பில் வந்ததே இல்லை. நோரீனை இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். அவள் கை எவ்வளவு நீளம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

துப்பாக்கியைத் திறந்து, இரண்டு அறையும் காலி என்று விரலை விட்டுத் தடவி, அவளுக்கும் காட்டினார். மூடிக் கையில் கொடுத்துவிட்டு, ஏழெட்டுத் தப்படி பின்னால் போய் ஜன்னலடியில் நின்றார். பொருந்துகிறதா என்று பார்க்கும் தொழில்காரர்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

“என் வலது கண்ணக் குறி பாரு.”

அவள் குறி பார்த்தாள். குழல்கள் அவருடைய பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. குழலுக்கு மேலே அவள் கண் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்தது தொப்பி மட்டும்தான்.

“எறக்கு” என்றார். “என் தப்புதான். சனிக்கெழம கோழி விழலன்னா, அது நான் சுட்டுத் தப்புன மாதிரி.”

பட்டறை மேசைக்குப் போய்க் குழல்களைக் கழற்றி வைத்தார். விசையோடு இருந்த கட்டையை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். அவ்வளவு நேர்த்தியான வேலை. ஒட்டு எங்கே என்று அவருக்கே அகப்படவில்லை. அளவு குறித்து வைக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை, கண்ணே போதும் என்று இருந்துவிட்டவர். நோரீன் கட்டையை வாங்கி, அதன் நுனியை முழங்கை மடிப்பில் வைத்தாள், விரல் விசைக்கு எட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டையைப் பின்னால் தள்ளினாள். விரல் விசையில் சரியாகப் படிந்தபோது, மடிப்பு இருந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள்.

“இங்க.”

வில்ஃப் கொக்கியிலிருந்து ரம்பத்தை எடுத்தார். முப்பது வருஷத்தில் கட்டைமேல் அவர் வைக்கும் முதல் ரம்பம். கட்டையின் மறுமுனையை நோரீன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டு இழுப்பு இழுத்தார். ரம்பப் பல்லில் மரத்தூளோடு பசை வந்தது. அவள் நகம் வைத்த இடத்தில்தான் ஒட்டு இருந்தது. வில்ஃப் நிறுத்தி, பசையை விரலில் தொட்டுப் பார்த்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மேற்கொண்டு அறுத்தார்.