கிடாவின் காதில் விட்ட புல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அப்படிப்பட்ட நான்தான் ஒரே ஒருமுறை சாமிக்குப் பதிலாகப் பதில் சொன்னேன்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிற கூலிகள். அந்த வருஷம் தங்கச்சிக்கு அம்மை போட்டது. அம்மை போட்ட வீட்டில் மாரியம்மனே வந்து தங்கியிருப்பதாக அர்த்தம். வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. வெறும் கஞ்சி குடித்து என் நாக்கு செத்துப்போனது. கருவாடு வேண்டும் என்று தரையில் புரண்டேன். அம்மா ஒரு துண்டு வறுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் தங்கச்சி செத்துப்போனாள்.

அவள் பிழைத்தால் வெட்டுவதாக நேர்ந்துவிட்ட கிடா கொட்டகையில் நின்றது. விற்றுவிடலாம் என்றார் அப்பா. சாமிக்குச் சொன்னது சாமிக்குத்தான் என்று அம்மா ஆடி மாதம் அதைக் கோயிலுக்கு இழுத்து வந்தாள்.

கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது உடம்பை உதறித் துலுக்கினால் சாமிக்குச் சம்மதம். இல்லாவிட்டால் வெட்ட மாட்டார்கள். அம்மா கைகூப்பினாள்.

"ஊட்ல நீ இருக்கசொல்ல நாந்தான் கருவாடு வறுத்தேன் தாயி. எம்மேல கோவம் இல்லன்னா துலுக்க வெய்யி."

இரண்டு குடம் ஊற்றியும் கிடா அசையவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"ஆத்தாளுக்கு ஊர் முச்சூடும் வேல அண்ணி, செத்த பொறுங்க" என்றார் சித்தப்பா.

எனக்கோ கறி கைநழுவுகிறதே என்ற கவலை. கயிற்றைப் பிடித்திருந்தவன் நான்தான். யாரும் பார்க்காதபோது ஓர் அருகம்புல்லைக் கிள்ளி அதன் காதுக்குள் விட்டேன். கிடா துலுக்கிய துலுக்கில் பூசாரியே நனைந்துபோனார். பம்பை அதிர்ந்தது. அம்மா அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். ஆத்தா பேசிவிட்டாள் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், கையில் புல்லோடு.

அம்மா சாகும்வரை அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அந்தக் கோயிலுக்குப் போகிறேன். புல்லைக் கிள்ளச் சொன்னது என் வயிறா, நீயா என்று ஆத்தாளிடம் கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. போகாமலும் இருக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் அம்மா ஈரலைக்கூட என் இலையில்தான் வைத்தாள். அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். கேட்டதற்குத்தான் சாமி பதில் சொல்லிவிட்டதே, இன்னும் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எலும்பை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.