சிவப்பு வட்டம் போட்ட இடம்

மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை வடிவமைக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கோட்டக்கா என்று பெயர். காரணம் அவள் வரையப் பயன்படுத்தும் மென்பொருள். இரண்டு நிறங்கள் ஒட்டும் இடத்தில், திரையில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பெரிதாக்கினால் மறையும், சிறிதாக்கினால் வந்து நிற்கும். பார்க்க வரும் வாடிக்கையாளர்கள் பதறுவார்கள். அது வெறும் திரைக்கோளாறு, அச்சில் வராது, கண்டுகொள்ளாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் அக்கா பாடம் நடத்த வேண்டும். ஏழு வருடமாக இதே பிழைப்பு.

வருடத்துக்கொரு புதுப் பதிப்பு விடத் தெரிகிறது, ஒரு கோட்டை அழிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு வயிறெரியும். மாதம் தவறாமல் புகார் எழுதுவாள். மாதம் தவறாமல் பதிலும் வரும்: தங்கள் கருத்துக்கு நன்றி, பரிசீலித்து வருகிறோம். பரிசீலித்துக் கிழித்தார்கள்! கீழே எப்போதும் ஒரே ஆளின் பெயர். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அவன் தலைதான் உருளும். இன்றைக்கு உன் நண்பர் என்ன சொன்னார் என்று கணவர் சீண்டுவார்.

இந்த முறை புதுத் தொல்லை. வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் வலது ஓரத்தில் மெல்லிய கறுப்பு இழை ஒன்று நெளிந்தது. அவ்வப்போது பளிச்சென்று ஒரு வெளிச்சம் வேறு. பக்கத்து இருக்கைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்றாள்.

"வந்து வந்து போகும்டி. அதோட குணமே அதானே."

கண்டுகொள்ளாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பழகிய வாய். மூன்று நாள் அப்படியே ஓட்டினாள். நாலாம் நாள் காலை பொறுமை போய், திரையைப் படம் பிடித்து, இழை தெரிந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, இழையையும் வெளிச்சத்தையும் பற்றிச் சூடாக நாலு வரி சேர்த்து அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. நன்றியும் இல்லை, பரிசீலனையும் இல்லை. கீழே மட்டும் அதே ஆளின் பெயர்.

"மேடம், நீங்க வட்டம் போட்ட இடத்துல எதுவுமே இல்ல. நாலு பேர் பெரிசாக்கிப் பார்த்துட்டோம். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் கறுப்பு நூலும் வெளிச்சமும் தெரிஞ்சுது. நாங்க அசட்டையா விட்டுட்டோம். தயவுசெஞ்சு இன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க."

அவள் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். வெள்ளைச் சுவரிலும் அந்த இழை நெளிந்தது.

கண்ணுக்குள் சவ்வு கிழிந்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார் டாக்டர். அன்று மாலையே லேசர் வைத்து ஒட்டினார். வெளியே வந்தவளைக் கணவர் கைபிடித்து நடத்தினார்.

சொட்டு மருந்தில் எழுத்தெல்லாம் மங்கித் தெரிந்ததால், கைப்பேசியை அவரிடம் கொடுத்து அந்த ஆளுக்குப் பதில் எழுதச் சொன்னாள்.

"கண்ணு தப்பிச்சிடுச்சு தம்பின்னு போடுங்க."

"போட்டாச்சு. அவ்வளவுதானா?"

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேளுங்க."